ஓட்டமும் மடிப்பிச்சையும்



யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் படித்தோர் எவருக்கும் ‘மரதன்’ என்னும் சொல் புதியதன்று. இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கும்போது, ஒரு நாட் காலையில் மாணாக்கர் எல்லாரும் வீதியில் இறங்கி ஓடுவர். படலைகள்தோறும் மக்கள் நின்று பார்ப்பர். சிலர் வாளியில் தண்ணீர் வைத்திருப்பர். சிலர் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுப்பர். ஐந்தாறு கிலோமீற்றர் ஓடி முடித்தவன் அன்று முழுவதும் வீரனாய் உலாவுவான். நானும் அவ்வாறு ஒருமுறை உலாவியவன். ஒன்பதாவதாக வந்தேன் என்பது நினைவு. அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஓட்டத்தை நான் நினைக்கவேயில்லை. ஆசிரியனாகவும் பின்னர் அதிபனாகவும் இருந்து, பிள்ளைகளை ஓடச்சொல்லி விசில் ஊதுவதே என் பங்காயிற்று.

இப்பொழுது, ஐம்பத்துநான்காவது வயதில், சாட்டிக் கடற்கரையிலும் வேலணைத் தீவின் வீதிகளிலும் விடியுமுன் ஓடிப் பழகி வருகிறேன். இது சிறுவர் ஓடும் மரதன் அன்று. நாற்பத்திரண்டு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட முழு மரதன். தைப்பொங்கல் கழிந்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதனை நம் தீவு வீதிகளிலேயே ஓடுவதென்றும், அதனை முன்னிட்டுத் தீவுப்பகுதிப் புற்றுநோயாளரின் பயணச் செலவுக்கும் தங்குமிடச் செலவுக்குமாக ஒரு சிறு நிதி திரட்டுவதென்றும் நண்பர் ஐவர் கூடித் தீர்மானித்தோம்.

ஒருநாள் காலை ஓடிவரும்போது, படலையடியில் நின்ற ஆச்சி ஒருவர், “என்ன வாத்தியார், ஆர் துரத்துகினம்?” என்று கேட்டார். நான் நின்று, மூச்சு வாங்கியபடியே விடயத்தைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். “அப்ப இது மடிப்பிச்சை எண்டு சொல்லுங்கோவன்” என்று கூறிச் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, ஒரு நூறு ரூபாத் தாளை நீட்டினார்.

பல நாளாய்ப் பலருக்கும் நான் விளக்க முயன்றதை ஆச்சி ஒரு சொல்லிலே விளக்கிவிட்டார். நோய் தீர்ந்தால் இன்ன கோயிலுக்கு நடந்து வருவேன் என்று நேர்ந்துகொண்டவர், தம் கையிற் பணம் இருந்தாலும், வீடுவீடாய்ச் சென்று மடியேந்திப் பெற்றதைக் கொண்டே அந்நேர்த்தியை நிறைவேற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதில் மூன்று காரியங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, உடலை வருத்துதல். இரண்டு, ஊரறிய வாக்குக் கொடுத்தல். மூன்று, பிறர் கொடுத்ததை ஒரு சதமும் பழுதின்றி உரிய இடத்திற் சேர்த்தல். மரதன் ஓடி அறத்துக்குப் பொருள் சேர்க்கும் இக்கால வழக்கமும் இம்மூன்றினால் ஆயதே. முதற் காரியத்தைப் பற்றியே பலரும் பேசுவர். மூன்றாவதே மிகக் கடினமானது என்பதை நான் சிறிது வெட்கத்தோடு கற்றுக்கொண்டேன். அதனையும் மறையாமற் கூறுவேன்.

முதலில் இவ்வோட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாய்ப் பார்ப்போம். மரதன் என்பது கிரேக்க நாட்டில் உள்ள ஒரு சமவெளி. கிறித்துவுக்கு முன் 490-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகப் படையை அங்கே வென்றனர். அவ்வெற்றிச் செய்தியைச் சொல்ல ஒரு தூதன் ஏதென்ஸ் வரை ஓடிச் சென்று, சொன்ன மாத்திரத்தே வீழ்ந்து இறந்தான் என்பது கதை. அப்போரை விரிவாய் எழுதிய ஹெரொடோட்டஸ் இக்கதையைக் கூறவில்லை. பெய்டிப்பிடீஸ் என்னும் தூதன் உதவி வேண்டி ஸ்பாட்டா நகருக்கு ஓடியதையே அவர் கூறுகிறார். வீழ்ந்து இறந்த தூதன் பிற்காலத்து நூல்களிலே தான் தோன்றுகிறான். எனினும், 1896-இல் ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டு புதிதாய்த் தொடங்கப்பட்டபோது, அக்கதையே ஓர் ஓட்டப்போட்டியாயிற்று. அப்போது தூரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். வென்றவர் ஸ்பிரிடோன் லூயிஸ் என்னும் கிரேக்கர். 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கு வரை ஓடியபோது தூரம் 26 மைலும் 385 யாருமாக அமைந்தது. அதுவே, அதாவது 42.195 கிலோமீற்றரே, 1921-இல் நிலையான அளவாயிற்று. நானூறு மீற்றர் ஓடுபாதை ஒன்றில் இத்தூரத்தை ஓடுவதானால், ஏறக்குறைய நூற்றைந்தரைச் சுற்று வரவேண்டும்.

இவ்வோட்டத்தோடு அறம் எவ்வாறு இணைந்தது? இதற்கு விடையாகப் பலரைச் சொல்லலாமாயினும், கனடா நாட்டு இளைஞர் ரெறி பொக்ஸ் என்பவரை முதலிற் சொல்லுதல் தகும். 1977-இல், பதினெட்டாவது வயதில், எலும்புப் புற்றுநோயினால் அவருடைய வலக்கால் முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டது. வைத்தியசாலையிலே தம்மோடிருந்த நோயாளரின் துன்பத்தைக் கண்ட அவர், கனடாவைக் குறுக்கே ஓடிக் கடந்து புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்ப்பதென உறுதிகொண்டார். ஓராண்டுக்கு மேற் பயிற்சி செய்தார். 1980 சித்திரை 12-ஆம் நாள், செயற்கைக் கால் ஒன்றுடன், நியூபவுண்லாந்தின் கடற்கரையிலிருந்து புறப்பட்டார். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மரதன் தூரம் ஓடினார். தொடக்கத்தில் அவரைக் கவனித்தோர் சிலரே. ஆயினும், பத்தாயிரம் மக்கள் வாழ்ந்த ஒரு சிறு துறைமுகப் பட்டினம் பத்தாயிரம் டொலர் கொடுத்தது. அதன்பின் அவருடைய வேண்டுகோள் எளிதாயிற்று: கனேடியர் ஒவ்வொருவரும் ஒரு டொலர் தருக என்பதே அது. 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடியபின், நோய் நுரையீரலிற் பரவியமையால், 1980 புரட்டாதி முதலாம் நாள் நிறுத்த நேர்ந்தது. அவர் எண்ணிய கரையை அடையவில்லை. ஆயினும், அவர் கேட்ட ஆளுக்கு ஒரு டொலர், அதாவது இரண்டு கோடியே நாற்பது இலட்சம் டொலர், 1981 மாசித் தொடக்கத்திற் சேர்ந்துவிட்டது. அவ்வாண்டு ஆனியில், இருபத்திரண்டு வயதில், அவர் காலமானார். கனடாப் பாடசாலைகளிற் புரட்டாதி தோறும் அவர் பெயரால் ஓட்டம் நிகழ்கிறது. தொறன்ரோவிற் படிக்கும் என் சகோதரியின் பேரப்பிள்ளைகளும் அதில் ஓடுகின்றனர். அவரைப் பற்றி முதன்முதல் எனக்குச் சொன்னவர்களும் அக்குழந்தைகளே.

1981-இலேயே லண்டன் மாநகரிலும் ஆண்டு மரதன் தொடங்கிற்று. அதில் ஓடுவோர் அறநிலையங்களுக்காகச் சேர்த்த பணம் இன்று நூறு கோடிப் பவுணைக் கடந்துவிட்டது. இனி, வயது போய்விட்டதே என்று பின்னிடுவோருக்கு இரண்டு பேரைச் சொல்வேன். பஞ்சாபிற் பிறந்து லண்டனிற் குடியேறிய பௌஜா சிங், மனைவியையும் மகனையும் இழந்த துயரத்தினின்றும் மீள ஓடத் தொடங்கி, 2000-இல் எண்பத்தொன்பதாவது வயதில் தம் முதலாவது மரதனை லண்டனில் ஓடி முடித்தார். குறைமாதத்திற் பிறக்கும் குழந்தைகளுக்கான அறநிலையம் ஒன்றுக்காக ஓடினார். 2011-இல், தம் நூறாவது வயதில், தொறன்ரோவிலும் ஓடினார். 2025-இல் தம் ஊரில் வீதி விபத்தொன்றில் மறைந்தார். மற்றவர் நம்மவர். முல்லைத்தீவு மாவட்டம் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், எழுபது வயதைக் கடந்தபின், 2023-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நிகழ்ந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கங்கள் வென்று மீண்டார்.

இவையெல்லாம் பிறர் கதைகள். என்னை வீதியில் இறக்கியது நம் நாட்டில் நிகழ்ந்த ஒரு நடை. 2011 ஆடி மாதத்தில், நேத்தன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்னும் நண்பர் இருவர், இலங்கையின் தென்முனையாகிய தேவேந்திரமுனையிலிருந்து வடமுனையாகிய பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாளில் நடந்து கடந்தனர். ‘ட்ரெயில்’ என்பது அந்நடைக்கு இட்ட பெயர். வடபகுதியிலே, தெல்லிப்பழையில், ஒரு புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்குப் பணம் சேர்ப்பதே நோக்கம். போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே சென்றிருந்த காலம் அது. வழிநெடுகிலும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அவர்களோடு சிறிது தூரமேனும் நடந்தனர். பெரிய நிறுவனங்களும் கொடுத்தன. தெருவோரத்து ஏழைகளும் சில்லறையாய்க் கொடுத்தனர். இருபது இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற் சேர்ந்தது. 2013-இல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 2016-இல் மீண்டும் ஒரு நடை, இம்முறை பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைக்கு, காலி மாவட்டத்துக் கராப்பிட்டியில் அத்தகைய வைத்தியசாலை ஒன்றுக்காக நடைபெற்றது. தெற்கிலிருந்து நடந்து வந்த பாதங்கள் வடக்குக்கு ஒன்றைத் தந்தன. வடக்கிலிருந்து நடந்து போன பாதங்கள் தெற்குக்கு ஒன்றைத் தந்தன.

தெல்லிப்பழையில் ஒரு வைத்தியசாலை என்பது எனக்கு வெறுஞ் செய்தியன்று. 2007-இல் என் தமையனாருக்குப் புற்றுநோய் கண்டது. அக்காலத்தில் இந்நோய்க்குரிய முழுமையான சிகிச்சைக்குக் கொழும்பை அடுத்த மகரகமவுக்கே போகவேண்டும். ஏ-9 வீதியோ 2006 ஆவணியிலேயே மூடப்பட்டிருந்தது. காங்கேசன்துறையிற் கப்பலேறித் திருகோணமலைக்கும், அங்கிருந்து வண்டியிற் கொழும்புக்குமாக அவரை அழைத்துச் சென்றேன். அனுமதி பெறக் காத்திருந்த நாட்களும், கப்பலுக்குக் காத்திருந்த நாட்களும், அவர் உடம்பைப் பொறுத்தவரை, சிகிச்சையின்றிக் கழிந்த நாட்களே. இரண்டாம் முறை போக அவரால் இயலவில்லை. இன்று நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருக்கும் ஒருவர் கப்பலேறிக் கொழும்பு போகவேண்டுவதில்லை. ஆயினும், படகிலே குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கும் பின்னர் தெல்லிப்பழைக்கும் போதல் வேண்டும். இந்நோயின் சிகிச்சையோ ஒருநாளில் முடிவதன்று. வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் தொடர்வது. கடல் கொந்தளிக்கும் நாளிற் படகு ஓடாது. கூலித்தொழில் செய்வோர் நோயாளியுடன் போகும் நாளெல்லாம் வருவாய் இழப்பர். வைத்தியம் இலவசமாயினும் வழி இலவசமன்று. அவ்வழியைச் சற்றே இலகுவாக்குதலே நாங்கள் கருதிய பணி.

இனி, உடலைப் பழக்குதல் பற்றிக் கூறுவேன். நாற்பது வயதைக் கடந்தவர் ஓடத் தொடங்குமுன் வைத்தியரிடம் சென்று குருதியமுக்கம், நீரிழிவு, இருதயம் என்பவற்றைச் சோதிப்பித்தல் வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அன்று. நெஞ்சுநோ, தலைச்சுற்று, அளவிறந்த மூச்சுமுட்டு ஆகியவற்றுள் எது வரினும் அவ்விடத்திலேயே நின்றுவிட வேண்டும். இதனை முதற் பாடமாகக் கொள்க.

முழு மரதன் ஓடுவதற்கு உடலிற் பல மாற்றங்கள் நிகழவேண்டும். இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னையினும் மிகுதியான குருதியை வெளியேற்றப் பழகவேண்டும். தசைகளிலே மயிர்த்துளைக் குழாய்கள் பெருகவேண்டும். இம்மாற்றங்கள் சில வாரங்களிலே தொடங்கிவிடும். மூச்சு வாங்குதல் குறையும். ஓடுபவருக்குத் தன்னம்பிக்கை பிறக்கும். ஆபத்தும் அங்கேதான் பிறக்கிறது. ஏனெனில், எலும்பும் தசைநாண்களும் மூட்டுக்களும் இருதயத்தைப் போல விரைவில் வலிமை பெறுவதில்லை. நெஞ்சு ‘ஓடு’ என்னும். கணுக்கால் ‘பொறு’ என்னும். கணுக்காலின் சொல்லைக் கேட்பவரே நெடுந்தூரம் போவார்.

ஆதலின் சிறுகச் சிறுகக் கூட்டுதலே முறை. முன்பின் ஓடாதவர் முதல் இரண்டு மூன்று மாதம் விரைந்து நடத்தல் போதும். அடுத்து, ஐந்து நிமிடம் நடந்து ஒரு நிமிடம் ஓடலாம். பின்னர் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைக்கலாம். வாரத்திற்கு நான்கு நாள் ஓடினாற் போதும். மற்றைய நாட்களின் ஓய்வும் பயிற்சியின் பகுதியே. உடல் வலிமை பெறுவது ஓடும்போதன்று, ஓடியபின் ஆறும்போதே. ஓட்டத்தின் வேகம், பக்கத்தில் ஒருவரோடு வசனம் வசனமாய்ப் பேசக்கூடியதாய் இருத்தல் வேண்டும். வார மொத்தத் தூரத்தைப் பத்திலொரு பங்குக்கு மேற் கூட்டாதிருத்தல் பழையோர் கைக்கொள்ளும் வரம்பு. வாரத்தில் ஒருநாள் மாத்திரம் நீண்ட ஓட்டம். அஃது 8 கிலோமீற்றரிலிருந்து மெல்ல மெல்ல வளர்ந்து 30 அல்லது 32 வரை செல்லலாம். முழுத் தூரத்தையும் பயிற்சியில் ஓட வேண்டுவதில்லை. இறுதி இரண்டு மூன்று வாரங்களிற் பயிற்சியைக் குறைத்து உடலைத் தேற்றவேண்டும். ஏற்கனவே சிறிது ஓடக்கூடியவருக்கு இவையெல்லாம் நான்கைந்து மாதத்தில் முடியலாம். என்னைப் போன்றவருக்கு ஓராண்டு வேண்டும். இன்றுவரை நான் ஓடிய மிக நீண்ட ஓட்டம் 26 கிலோமீற்றர்.

முப்பதுக்கு அப்பால் என்ன என்று கேட்பீர்கள். நாம் உண்ணும் சோறு, புட்டு முதலியவற்றின் மாச்சத்து, ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசன் என்னும் பொருளாய்ச் சேமிக்கப்படுகிறது. அச்சேமிப்பு ஏறக்குறைய 2,000 கலோரி அளவினது. ஓடும்போதோ, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். அறுபது கிலோ நிறையுள்ளவர் மரதன் ஓடி முடிக்க 2,500 கலோரி வேண்டும். வரவு இரண்டாயிரம், செலவு இரண்டாயிரத்து ஐந்நூறு. உடலின் கொழுப்பும் உதவுமெனினும், அது மெல்லவே எரிவது. ஆகவே வேகமாய்த் தொடங்கியவர் முப்பதாவது கிலோமீற்றரை அண்மியபோது கால்கள் ஈயம்போற் கனத்து நின்றுவிடுவார். ஓட்டக்காரர் இதனைச் ‘சுவரில் மோதுதல்’ என்பர். மெல்லத் தொடங்குவதும், வழியில் வாழைப்பழம், பனங்கட்டி போன்றவற்றைச் சிறிது சிறிதாய் உண்பதும், உடலைக் கொழுப்பை எரிக்கப் பழக்கும் நீண்ட ஓட்டங்களுமே இதற்கு மருந்து.

நம் தீவுகளுக்கே உரிய சில குறிப்புக்களையும் சொல்லவேண்டும். வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்த இடத்தில் வியர்வை எளிதில் உலராது. உடலின் சூடும் எளிதில் இறங்காது. ஆகவே விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னே புறப்படுதல் நன்று. தண்ணீர் குடிக்கவேண்டும், ஆயினும் தாகமின்றி மிகுதியாகக் குடித்தலும் தீதே. அவ்வாறு குடிப்பின் குருதியிலுள்ள உப்பின் செறிவு குறைந்து மயக்கமும் உயிராபத்தும் உண்டாகலாம். நீண்ட ஓட்டத்தில் உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீர் நன்கு பயன்படும். சோழகக் காற்று வீசும் மாதங்களிற் பண்ணைத் தாம்போதியில் மேற்கு நோக்கி ஓடுவது, ஒருவர் நெஞ்சிற் கைவைத்துத் தள்ளுவது போன்றது. காற்றுக்கு எதிராய்ப் போய்க் காற்றோடு திரும்புக. களைத்தபின் காற்று உதவும். உரோமாபுரி ஒலிம்பிக்கில் 1960-இல் எதியோப்பியரான அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடி மரதனை வென்றார் என்பது உண்மையே. எனினும், சிறுவயது முதற் சப்பாத்திற் பழகிய நம் பாதங்கள் தார்வீதியில் அதனைத் தாங்கா. பொருத்தமான சப்பாத்து வேண்டும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லுகிறேன். சிந்தாத்திரை மாதா கோயிலடியிற் புறப்பட்டு, சாட்டிக் கரையின் ஈரமணலில் நாளும் ஒரே திசையில் ஓடினேன். கடற்கரை சமதரையன்று, கடலை நோக்கிச் சரிந்தது. ஒரு கால் எப்போதும் பள்ளத்திலும் மற்றது மேட்டிலும் விழுந்தமையால், மூன்றாம் வாரத்தில் இடது முழங்கால் வீங்கிற்று. ஒரு மாதம் படுத்தேன். அம்மாதம் முழுவதும், ஓடிய தூரத்தைக் குறிக்கும் கொப்பியில் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவ்வாறு எழுதியது நன்மையே. ஓடாத நாளை ஓடியதாய் எழுதினால், அப்பொய்யை நாற்பதாவது கிலோமீற்றரில் உடல் வெளிப்படுத்திவிடும்.

இனி நிதி. இதிலே நான் செய்த தவறு முழங்காலினும் பெரிது. தொடக்கத்தில் எனக்கு இலகுவாய்த் தோன்றியது என் பாடசாலையே. ஒரு தாளிலே நோக்கத்தை எழுதி, ‘விரும்பியோர் விரும்பியதைத் தரலாம்’ என்று குறிப்பிட்டு வகுப்புக்களுக்கு அனுப்பினேன். இரண்டு நாளிற் கணிசமான பணம் வந்தது. மூன்றாம் நாள், ஏழாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் மிகப் பிந்தி வந்தான். விசாரித்தபோது, நடந்து வந்ததாகக் கூறினான். பஸ் காசு எங்கே என்றேன். “நிதிக்குக் குடுத்தனான், சேர்” என்றான். அவன் தந்தது ஐம்பது ரூபா. அவனுடைய தாயார் மீன் உலர்த்தும் வாடியிற் கூலிக்குப் போகிறவர்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அதிபர் கேட்டால் அது கேள்வியன்று, கட்டளை. ‘விரும்பியோர்’ என்று எழுதியது தாளில் மாத்திரமே இருந்தது. பிள்ளைகளின் காதில் அது விழவில்லை. அன்றே அத்தாள்களைத் திரும்பப் பெற்றேன். பெயர்ப் பட்டியலைக் கொண்டு எல்லார் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். என் அதிகாரத்துக்கு உட்பட்ட எவரிடமும், ஆசிரியரிடமும் கூட, கேட்பதில்லை என்று விதித்துக்கொண்டேன். ‘இல்லை’ என்று அச்சமின்றிச் சொல்லக்கூடியவரிடம் பெறுவதே கொடை. மற்றது வரி.

அதன்பின் நண்பர்கள் கூடிச் சில விதிகளை வகுத்தோம். இத்தகைய முயற்சியில் இறங்கும் எவருக்கும் அவை பயன்படலாம். முதலாவது, எதற்கு, எவ்வளவு, யாரிடம் சேரும் என்னும் மூன்றையும் கேட்குமுன்னரே எழுத்திற் சொல்லுதல். ‘நோயாளருக்கு உதவி’ என்பது போதாது. ‘தீவுப்பகுதி நோயாளரின் பயணமும் தங்குமிடமும்’ என்பது தெளிவு. இரண்டாவது, ஓடுபவர் பணத்தைக் கையாளாதிருத்தல். எங்கள் பொருளாளர் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர். வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இருவர் கையொப்பம் வேண்டும். மூன்றாவது, பத்து ரூபாவாயினும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு. நான்காவது, சப்பாத்து முதலிய ஓட்டச் செலவு அனைத்தும் ஓடுபவர் சொந்தப் பணத்தில். ஆச்சியின் சேலைத் தலைப்பிலிருந்த நூறு ரூபா என் சப்பாத்துக்குக் கயிறு வாங்கவும் உதவலாகாது. ஐந்தாவது, மாதந்தோறும் வரவு செலவைப் பொது இடத்தில் ஒட்டுதல். உதவி பெற்றவர் பெயரை மாத்திரம் ஒட்டுவதில்லை; நோயும் வறுமையும் விளம்பரப் பொருள்களல்ல.

ஆறாவது விதியைப் பற்றி நெடுநேரம் வாதித்தோம். ஓடுபவர் ஓடி முடியாவிட்டால்? வெளிநாடுகளில் வாழும் நம் உறவினர் சிலர், ‘கிலோமீற்றருக்கு இவ்வளவு’ என்று வாக்களிக்க முன்வந்தனர். அது கேட்க நன்றாயிருக்கும். ஆனால், முப்பத்தைந்தாவது கிலோமீற்றரில் நெஞ்சு நொந்தால், ‘இன்னும் ஏழு ஓடினால் ஒரு நோயாளிக்கு ஒரு மாதப் பயணமாகுமே’ என்ற எண்ணம் ஓடுபவரை நிற்கவிடாது. நிற்கவேண்டிய இடத்தில் நிற்க முடியாத ஓட்டக்காரர், தாமே ஒரு நோயாளியாவார். ஆகையால், ஓட்டம் முடியினும் முடியாவிடினும் பணம் உரியவரைச் சேரும் என்று முன்கூட்டியே சொல்லி, மொத்தத் தொகையாகவே பெறுகிறோம். ரெறி பொக்ஸ் மறுகரையை அடையவில்லை என்பதற்காக எவரும் தம் டொலரைத் திருப்பிக் கேட்கவில்லை அன்றோ?

அப்படியாயின் ஓட்டம் எதற்கு, நேரே பணத்தைக் கேட்டாலென்ன என்று நண்பர் ஒருவர் வினவினார். நல்ல வினா. ஓர் ஆண்டு முழுவதும் விடியுமுன் ஒருவர் தம் வீட்டு வாசலைத் தாண்டி ஓடுவதைக் காணும் ஊரார், இவர் சொன்ன சொல்லை இன்றும் மறக்கவில்லை என்பதை நாளும் அறிகின்றனர். மாதந்தோறும் ஒட்டப்படும் கணக்கும் அதனையே சொல்லுகிறது. காலாலே எழுதும் கணக்கு ஒன்று. கையாலே எழுதும் கணக்கு மற்றொன்று. இரண்டும் நாளுக்கு நாள் சிறுகச் சேர்வன. இரண்டிலும் ஒருநாட் பொய் எழுதினாற் பலநாட் சேர்த்தது கெடும். நம் பாட்டிமார் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துப் பானையிலிட்டு, அப்பிடியரிசியாற் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் தாங்கினார்களே, அவர்களுக்கு இது புதிய பாடமன்று.

ஓடும்படி எல்லாரையும் நான் அழைக்கவில்லை. நடக்கலாம், துவிச்சக்கரவண்டி மிதிக்கலாம், கடலில் நீந்தத் தெரிந்தவர் நீந்தலாம். இவை எவையும் இயலாதவர், அயலிலுள்ள ஒரு நோயாளியோடு ஒருநாள் தெல்லிப்பழைக்குத் துணையாய்ப் போய்வரலாம். அப்பயணத்திற்கும் பயிற்சி வேண்டும். ஆனால் சப்பாத்து வேண்டுவதில்லை.

ஆச்சி இப்பொழுதும் காலையிற் படலையடியில் நிற்கிறார். ஆர் துரத்துகினம் என்று கேட்பதில்லை. “இண்டைக்கு எவ்வளவு?” என்று மாத்திரம் கேட்கிறார். நான் நின்று உண்மையைச் சொல்லிவிட்டு ஓடுகிறேன்.